மாலை போட்ட மூன்றாம் நாள்

ஐப்பசி 27, வியாழன்

ரைஸ்மில்காரன் வந்து மோட்டாரை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். மூன்றாவது தடவை. “பெரியம்மா, உங்க மருமகன் காயில் கட்டுனா ரெண்டு நாள் ஓடுது, மூணாவது நாள் புகையுது. ஆளு மாதிரியே மோட்டாரும்” என்று சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

மருமகன் பெயர் தவசிலிங்கம். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை, வீட்டு முன்னறையிலேயே. என் மகள் இந்திராணியின் புருஷன். என் நாத்தனார் மகனும்கூட, அதனால் என்னை அத்தை என்று கூப்பிட அவனுக்கு இரண்டு உரிமை. அந்த நாத்தனார் என் கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முந்திரி இல்லை என்று இலையை மடக்கிவிட்டு எழுந்தவள். எழுபத்து நாலு, வைகாசி பதினொன்று. அவள் செத்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

விடிந்ததும் இவனுக்குக் கை ஆடும். காபி டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி வேட்டியில். பல்கூட விளக்காமல் பட்டறைக்குள் போய் ஒரு கட்டிங் பிராந்தி ஊற்றிக்கொண்டு வந்தால் கை கல்லு மாதிரி நிற்கும். அப்புறம் பீடி. மத்தியானம் ஒன்று, சாயந்திரம் இரண்டு. பதினோரு வருஷமாக ஒரு நாள் தப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இப்படிப் போயிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வீட்டில் நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லவே இல்லை என்கிறார்கள். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. நாலாங்கிளாஸ் படிப்பு இதற்குப் போதும்.

ஐப்பசி 28, வெள்ளி

உளுந்து காயப்போட்டேன். காக்காய்த் தொல்லை.

பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டீசைக் கொண்டுவந்து, அப்பன் காதில் விழட்டும் என்று சத்தமாக வாசித்தாள். குடித்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து, வீங்கி, கடைசியில் சுருங்கிவிடுமாம். வயிற்றில் தண்ணீர் கோக்குமாம். ரத்த வாந்தி வருமாம். பீடி குடித்தால் நுரையீரல் மட்டும் இல்லை, கால் விரல் வரைக்கும் ரத்தக்குழாய் அடைக்குமாம். புகையிலை மெல்லுகிறவர்களுக்கு வாயில் புற்றாம்.

“அம்மாச்சி, கடைசியா வாசிச்சது உனக்கு” என்றாள்.

“நான் அம்பது வருசமாப் போடுறேன். எனக்கு வரணும்னா எப்பவோ வந்திருக்கும். நீ ஒங்கப்பனுக்கு வாசி.”

அவள் அப்பன் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தான். “பிள்ளை திக்காம வாசிக்குது பாருங்க அத்தை” என்றான். அவ்வளவுதான் அவனுக்கு ஏறியது.

ஐப்பசி 29, சனி

கார்த்திகை பிறக்கப்போகிறது. நம் ஊர்க் குடிகாரன் அத்தனை பேரும் சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, நாற்பத்தெட்டு நாள் நல்லவனாக இருப்பான். மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய கையோடு நேரே கடைக்குப் போய் வரிசையில் நிற்பான். பெண்டாட்டி கேட்டால் விட முடியாது, பிள்ளை அழுதால் விட முடியாது, சாமிக்கு மட்டும் விட முடியுமாம்.

இதை நான் தவசியிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னேன்.

“அவனுகளாவது சாமிக்குப் பயந்து நாப்பத்தெட்டு நாள் இருக்கானுக. ஒனக்கு அந்த வக்கும் இல்ல. மூணு நாள் இருந்துருவியா நீ?”

“இருக்க முடியாதுங்கிறீகளா?”

“ஆம்பளைன்னா இருந்து காட்டு. அப்புறமா என்னைய அத்தைன்னு கூப்புடு.”

சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். பிறகு எழுந்து போய், நாலாவது வீட்டுப் பிச்சைமணியைப் பார்த்து மாலைக்குச் சொல்லிவிட்டு வந்தான். பிச்சைமணி பதினெட்டு வருஷம் மலைக்குப் போய்க் குருசாமி ஆனவர். மற்ற நாளில் தேங்காய் மண்டி. அங்கே அவர் நிறுத்துக் கொடுக்கும் லட்சணம் எனக்குத் தெரியும்.

இந்திராணி அடுப்படியில் என் கையைப் பிடித்தாள். “அம்மா, ஒரேயடியா நிறுத்துனா ஒடம்புக்கு ஆகாதுன்னு சுகாதார நிலையத்து நர்சக்கா சொன்னாக. டாக்டர்கிட்டக் காட்டிட்டு, மாத்திரை குடுத்து நிறுத்தலாமாம்.”

“குடிக்க ஆரம்பிக்கிறப்ப ஒருத்தனும் டாக்டரைக் கேக்கல. நிறுத்துறதுக்கு மட்டும் சீட்டு எழுதி வாங்கணுமா?” என்றேன்.

நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

கார்த்திகை 1, திங்கள்

காலையில் பிள்ளையார் கோயிலில் மாலை போட்டாகிவிட்டது. நேற்றுச் சாயந்திரம் கடைசியாகக் குடித்தானாம். பீடிக்கட்டைச் சாக்கடையில் எறிந்தான். தெருவே பார்த்தது.

இனிமேல் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வாடா போடா கிடையாது. தட்டு தனி, டம்ளர் தனி. வீட்டில் யாரும் கோபமாகப் பேசக் கூடாது. குருசாமி என்னைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

“சாமி, இட்லி வைக்கட்டுமா?” என்று கேட்டேன். என் வாய் எரிந்தது. சுண்ணாம்பு கூடிப்போனாலும் இப்படி எரியாது.

மூன்று இட்லி வைத்தேன். ஒன்றுகூட இறங்கவில்லை. சாயந்திரம் பட்டறையில் கம்பியைச் சுற்ற உட்கார்ந்தான், கை நிற்கவில்லை. சட்டை போடாத முதுகில் வேர்த்து வழிகிறது. கார்த்திகைக் குளிர், வேர்க்கிறது.

கார்த்திகை 2, செவ்வாய்

தூங்கவில்லை என்கிறாள் இந்திராணி. மூன்று தடவை வாந்தி. ஒரு சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தர்ஷினி டம்ளரைக் கீழே போட்டாள், இவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

குருசாமி வந்து பார்த்தார். “கன்னிச்சாமிக்கு மொத வருசம் இப்படித்தான். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியேறுது. ஐயப்பன் எறங்குறதுக்கு எடம் பண்ணுறான்” என்றார்.

“நல்லா எறங்கட்டும்” என்றேன்.

இந்திராணிக்கு மறுபடியும் டாக்டர் பேச்சு. நான் காதில் வாங்கவில்லை. குடியை விட்டு ஒருத்தன் செத்தான் என்று கேள்விப்பட்டதுண்டா? குடித்துச் சாகிறவன்தான் ஊரெல்லாம்.

என் வீட்டுக்காரர் காமாலையில் போனவர். தொண்ணூற்று மூன்று, கார்த்திகை பத்தொன்பது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய அண்ணன் மூக்கையா இழவு வீட்டில் இருநூறு பேர் முன்னால் என்னைப் பார்த்து, “நீதான்” என்று ஒரு வார்த்தை சொன்னார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் வீட்டு நல்லது கெட்டது எதிலும் நான் கால் வைத்ததில்லை. அவர் இருக்கிற ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

இதை எதற்கு இன்றைக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. உளுந்தை எடுத்து டப்பாவில் போட்டேன்.

கார்த்திகை 3, புதன்

விடிந்ததும் வேட்டியில் எறும்பு என்றான். எறும்பு இல்லை.

கார்த்திகை 4, வியாழன், பெரியாஸ்பத்திரி

நேற்று நடந்ததை மறப்பதற்கு முன்னால் எழுதுகிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மறக்காது. மற்றவர்கள் மாற்றிப் பேசுவார்கள், அதற்காக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் அவன் முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எதையோ எடுத்துத் தரையில் விட்டுக்கொண்டிருந்தான். கண் நிலைகொள்ளவில்லை. குருசாமி பார்த்தார். “அருள் வந்திருச்சு! சாமியே சரணம் ஐயப்பா!” என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வீடு நிறைய ஆள். சாம்பிராணிப் புகை. மூச்சு விட முடியவில்லை.

கோடிவீட்டுப் பாப்பாத்தி முதல் ஆளாக விழுந்து கும்பிட்டாள். “சாமி, எம் மகளுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுது. எப்ப அமையும் சாமி?”

அவன் இரண்டு கையையும் தூக்கி, காற்றில் எதையோ சுற்ற ஆரம்பித்தான். இடது கையில் பிடித்து, வலது கையால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. “ரெண்டாவது சுத்துல அறுந்திருக்கு. அவுத்துட்டு மறுபடி கட்டணும்” என்றான்.

“ரெண்டாவதா வந்த சம்பந்தத்தை மறுபடியும் பேசச் சொல்லுது சாமி” என்று குருசாமி விளக்கம் கொடுத்தார். பாப்பாத்தி அழுதாள். அடுத்தவள் நகர்ந்து வந்தாள். நிலத்து வழக்கு என்றாள். “வார்னிஷ் காயல, தொடாத” என்றான் இவன். வழக்கை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று தீர்ப்பாகிவிட்டது. இத்தனைக்கும் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முடித்தவர்கள். நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காயில் கட்டுகிறான். எனக்குத் தெரிகிறது. தினமும் பார்க்கிற கை. இந்தக் கூட்டத்துக்கு அது தெரியவில்லை.

அப்போது அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். “என்ன மோட்டாருங்க? எத்தனை எச்பி?” என்று கேட்டான். மரியாதையாக, வாடிக்கைக்காரரிடம் கேட்கிற மாதிரி. முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை.

இந்த முகத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

“எந்திரிங்க எல்லாரும்” என்றேன். “இந்திராணி, நூத்தியெட்டுக்குப் போன் போடு.”

குருசாமி வாசலை மறித்தார். “என்ன பேசுறீக ஆத்தா? மாலை போட்ட சாமியைப் பொணம் விழுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறதா? தீட்டு. கூடாது.”

“அப்ப மாலையைக் கழட்டும்.”

“நெனைச்ச நேரத்துல கழட்டுறதுக்கு இது சட்டையா? போட்டுவிட்ட நான் கழட்டணும். இல்ல, பெத்த தாய் கழட்டணும். நான் கழட்ட மாட்டேன்.”

“பெத்தவ செத்தாச்சு. தாய்மாமன் பொண்டாட்டி நான் இருக்கேன்.”

“தாலியறுத்தவ தொடாதீக!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும். பேர் எழுதவில்லை, மனசில் இருக்கிறது.

நான் போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். கழுத்தில் கொதிக்கிற சூடு. துளசிமணி மாலை, இரண்டு சுற்றாகப் போட்டிருந்தார்கள். வேர்வையில் ஒட்டிப் போயிருந்தது. கழற்றிக் குருசாமி கையில் வைத்தேன்.

“இது சாமி இல்ல. இதுக்கு நான் ஏற்கெனவே ஒரு ஆளைக் குடுத்திருக்கேன். இன்னொன்னு குடுக்க மாட்டேன். வழியை விடும்.”

வழி விட்டார். பாப்பாத்திதான் அவன் காலைப் பிடித்துத் தூக்க வந்தாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டியில் போகும்போதே வெட்டு வந்தது. பல் கிட்டிக்கொண்டது, வாயில் நுரை. வண்டியில் இருந்த பையன் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காதீங்க என்று சத்தம் போட்டான். நான் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்திராணி என்னைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே ஒரு ஆள் என்று நான் சொன்னதிலிருந்தே பார்க்கவில்லை.

கார்த்திகை 5, வெள்ளி

கட்டிலில் துணியால் கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊசி மேல் ஊசி. கண் திறக்கிறான், ஆள் தெரியவில்லை. பிழைப்பானா என்று கேட்டேன். “ரெண்டு நாள் போகட்டும்” என்றார் டாக்டரம்மா. பால்குடி மாறாத முகம். இதற்குப் பெயர் டாக்டர்.

ஆனால் பேச்சு பெரிய பேச்சு. “தினமும் குடிச்சுக் குடிச்சு மூளை அதுக்குப் பழகிருச்சு. திடீர்னு நிறுத்துனா அது துள்ளும். மொதல்ல நடுக்கம், வேர்வை, வாந்தி. அப்புறம் வலிப்பு. ரெண்டாம் நாள் மூணாம் நாள் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் தெரியும், செய்யிற தொழிலையே வெறுங்கையில செய்வாங்க. விட்டா உயிரே போயிரும். காலையில எந்திரிச்சதும் குடிச்சாத்தான் கை நிக்கும்னு இருக்கிறவங்க வீட்டுல வச்சு நிறுத்தவே கூடாது பாட்டி. நிறுத்தணும், கட்டாயம் நிறுத்தணும். ஆனா இங்க வந்து நிறுத்தணும். மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம், வைட்டமின் ஊசி போடுவோம்.”

பிறகு காகிதத்தை எடுத்தார். “இவங்க ரத்த சொந்தத்துல வேற யாருக்காவது குடிப்பழக்கம் இருந்துச்சா? இந்த மாதிரி ஆகியிருக்கா?”

“இல்ல மேடம்” என்றாள் இந்திராணி. “இவருக்குத் தாய்மாமா, எங்கப்பா, குடிப்பாரு. ஆனா அவரு காமாலையில எறந்தாரு.”

“காமாலை இல்ல” என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“மாரியம்மன் கோயில்ல சத்தியம் வாங்கி, கையில கயிறு கட்டிக் கூட்டியாந்தேன். வெளிய போனா குடிச்சிருவாருன்னு உள்ரூம்ல போட்டுப் பூட்டுனேன். மூணாம் நாள் போயிட்டாரு. எல்லார்கிட்டயும் காமாலைன்னு சொன்னேன்.”

இந்திராணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருச்சுழியில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனாள்.

“பேர்?” என்றார் டாக்டரம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. “கருத்தப்பாண்டி” என்றேன்.

கார்த்திகை 6, சனி

இந்திராணி பேசவில்லை. நல்லது, சத்தம் குறைவு.

கார்த்திகை 7, ஞாயிறு

மூக்கையா வந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை, இந்திராணியாகத்தான் இருக்கும். எண்பது வயது, கம்பு ஊன்றி நடை. அன்றைக்கு மூன்றாம் நாள் காலையில் இந்த மனுஷன்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “கதவைத் தெற சீனியம்மா. ஒரு மடக்கு குடு, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்காவது தூக்குவோம். ஆள் போயிருவான்” என்று கெஞ்சினார். “குடிகாரக் கூட்டம், வெளிய போங்க” என்று சொல்லி அவர் கையிலிருந்த சாராயத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன், சாராயம் கொடுப்பது வைத்தியம் இல்லை என்றார். “அப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்னு சொன்னது?” என்றேன். அதற்கு டாக்டரம்மா என் கையைத் தொட்டார்.

மூக்கையா கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இவனையாவது காப்பாத்துன” என்றார்.

அந்த “யாவது” எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் மறக்கமாட்டேன்.

கார்த்திகை 8, திங்கள்

ஆள் தெரிந்துவிட்டது. “அத்தை” என்றான். பிறகு, “பசிக்குது” என்றான். ஐந்து நாள் எல்லோர் உயிரையும் எடுத்துவிட்டுப் பசிக்கிறதாம். நாலு இட்லி. இறங்கியது.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது என்னை நிறுத்தி, வாயைத் திற என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, புகையிலையை விட வேண்டும், சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மருமகனுக்குக் காவல் இருக்க வந்தவளுக்கும் சேர்த்து வியாதி கண்டுபிடிக்கிறார்கள்.

கார்த்திகை 9, செவ்வாய்

இன்றைக்குப் புகையிலை போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் விற்கவில்லை, அதனால்தான்.

கார்த்திகை 10, புதன்

விற்கிறான். நேற்றும் விற்றான்.

தலை வலி. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். தவசி என்னைப் பார்த்து, “ஏலக்காய் மெல்லுங்க அத்தை. பீடி ஞாபகம் வர்றப்ப நான் அதைத்தான் மெல்லுறேன். பத்து நிமிசம் தாக்குப்பிடிச்சா அடங்கிரும்ங்கிறாக” என்றான். இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். நாலு ஏலக்காய் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை 15, திங்கள்

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வியாழன்தோறும் வந்து காட்ட வேண்டும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், அதற்கும் போக வேண்டும். ஒரு நாள் சறுக்கினாலும் ஒளியாமல் வர வேண்டும், திட்ட மாட்டார்களாம். திட்டுகிற வேலையை எனக்கு விட்டிருக்கிறார்கள்.

“விட்டுருவேன் அத்தை” என்றான் தவசி.

“இத ஏழு தடவை கேட்டுட்டேன். தேதி சொல்லட்டுமா?”

“வேணாம். ஏழும் ஞாபகம் இருக்கும் ஒங்களுக்கு.” சிரித்தான். கை இன்னும் லேசாக ஆடுகிறது, குடிக்காமலே ஆடுகிறது, குறைந்துகொண்டு வருகிறது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “ஒண்ணு கேக்கவா? நான் காத்துல காயில் கட்டுனேன்னு சொன்னாக. மாமா என்ன செஞ்சாரு?” என்றான்.

இந்திராணி ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது நின்றது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் இருக்கத்தானே செய்தேன். சொன்னேன்.

“டிக்கெட் கிழிச்சாரு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். சோறு கொண்டுபோயி வச்சேன். ‘எங்க எறங்கணும்மா?’னு கேட்டாரு. மூணு நாளாப் பூட்டி வச்ச கோவத்துல என்னையக் கேலி பண்ணுறாருன்னு நெனச்சேன்.”

இந்திராணிதான் பேசினாள். பத்து நாள் கழித்து என்னிடம் முதல் பேச்சு. “நீ என்னம்மா சொன்ன?”

“சொல்லல. அடிச்சேன்.”

கன்னத்தில் அடித்தேன். அவர் கோபப்படவில்லை. கூட்டமான பஸ்ஸில் யாரோ இடித்துவிட்ட மாதிரி ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார். பிறகு இல்லாத பையைத் துழாவி, எனக்கு மீதிச் சில்லறை கொடுக்கக் கையை நீட்டினார். வெறுங்கை. நான் வாங்கவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.